ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை

இடது கண்ணில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. வலது கண்ணுக்காக அவள் மருந்துப் புட்டியைச் சாய்த்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்க."

கொழுந்தனின் குரல். தட்டியது விரலால் அல்ல, உள்ளங்கையால். அவள் கை தவறி, சொட்டு கணவரின் கன்னத்தில் விழுந்து காதோரம் ஓடியது. கட்டில் விளிம்பில் தலையை அண்ணாந்தபடி இருந்த அவர் அசையவில்லை.

"புட்டியை முதல்ல மறைச்சு வை" என்றார், உதட்டுக்குள்.

மறைத்து வைப்பது அவளுக்குக் கைவந்த வேலையாகிவிட்டிருந்தது. பீரோவில் மடித்து அடுக்கிய துணிகளுக்கு நடுவில் புட்டி போயிற்று. முந்தானையால் அவர் கன்னத்தை ஒற்றி எடுத்துவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

அந்தக் குடும்பத்தில் அவள் மூத்த மருமகள். வீட்டில் எல்லோருக்கும் 'பெரியவள்'. கணவர் தையல் கடை வைத்திருக்கும் கட்டிங் மாஸ்டர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். மாமனார் போன பிறகு வீட்டுப் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. தம்பியைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து வைத்தார். இப்போது பக்கத்துத் தெருவில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து சொந்த வீடு கட்டுகிறார்கள். சுவரும் கூரையும் முடிந்துவிட்டன. தரை போட வேண்டியதுதான் பாக்கி. அதுவரை இந்த வாடகை வீட்டில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

கொழுந்தன் வேலைக்குப் போகும் சீருடையில் நின்றான். ஒரு தொழிற்சாலையின் பஸ்ஸை ஓட்டுபவன் அவன்.

"மேஸ்திரி போன் பண்ணினாரு அண்ணி. டைல்ஸ் லாரி வந்திருக்காம். நாம சொன்ன வெள்ளை இல்லையாம். சாம்பல் கலர்ல சொரசொரன்னு என்னமோ இறங்கியிருக்காம். கூட கறுப்புல ஒரு அடுக்கு வேற. கடைக்காரனைக் கேட்டா, உங்க அண்ணி நேர்ல வந்து மாத்திட்டுப் போனாங்கன்னு சொல்றான்." மூச்சு வாங்கினான். "பொய்தானே? பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவனை நான் பாத்துக்கறேன்."

தப்பிக்க ஒரு வழியை அவனே திறந்துவிட்டான். அவள் அதில் நுழையவில்லை.

"பொய் இல்ல தம்பி. நான்தான் மாத்தினேன்."

கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரின் கத்தி நின்றது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த சின்னவள், அதாவது கொழுந்தனின் மனைவி, பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க அக்கா?"

"யாரையும் கேக்கலை."

"ஏன்?"

"எனக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கலை."

வேறு எந்தக் காரணம் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும். பிடிக்கவில்லை என்பதற்கு மேல் கேள்வி இல்லை, திட்டுதான் உண்டு. அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"உங்களுக்குப் பிடிக்கலை..." சின்னவள் சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. "நான் நாள் முழுக்க ஜன்னல் இல்லாத குடோன்ல உக்காந்து பில் போடறேன். வீட்டுக்கு வந்தா காலடியில கொஞ்சம் வெளிச்சம் வேணும்னு ஆசைப்பட்டேன். மத்த எல்லாத்தையும் உங்க இஷ்டத்துக்கு விட்டேனே அக்கா. சமையல்கட்டு உங்க இஷ்டம், அலமாரி உங்க இஷ்டம். தரை ஒண்ணுதான் நான் கேட்டது. சரி, அந்தக் கறுப்பு எதுக்கு?"

"சுவர் ஓரமா சுத்தி ஒரு பட்டை. படி விளிம்புல ஒரு பட்டை."

"ரயில்வே பிளாட்பாரம் மாதிரியா? கோட்டைத் தாண்டி நின்னா வண்டி அடிச்சிடுமா?"

மாமியார் கத்தியைத் தட்டில் வைத்தாள். "விடும்மா. வீட்டுக்கு மூத்தவ, ராணி. நாம எல்லாம் அவ காலடியில கிடக்கற ஆளுங்க. இந்தப் புத்தி இத்தனை நாளா எங்க ஒளிஞ்சிருந்துதோ... நான் உசுரோட இருக்கும்போதே இப்படின்னா, நான் போனப்புறம் சின்னவன் கதி என்ன ஆகும்?"

அந்த வீட்டில் இதுவரை சத்தம் வாசலைத் தாண்டியதில்லை. அன்று தாண்டியது. மாடியில் குடியிருப்பவர்களின் ஜன்னல் மெல்லத் திறந்ததைப் பெரியவள் கேட்டாள். திட்டு வாங்கியதைவிட அதுதான் அவளைக் கூச வைத்தது.

அப்போது மாஸ்டர் அறையிலிருந்து வந்தார். நிமிர்ந்த நடை, சலவை மடிப்புக் கலையாத சட்டை. இடது கை விரல்கள் மட்டும் சுவரைத் தொட்டும் தொடாமலும் வந்தன. பார்ப்பவருக்கு அது ஒரு பெரிய மனிதரின் தோரணை.

"அண்ணா, நான் மாதிரியை உங்க கடைக்குக் கொண்டுவந்து காட்டினப்போ வெள்ளையே இருக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் தம்பி.

"சொன்னேன்."

"அண்ணி மாத்தினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அது உண்மைதான். அவரிடம்கூடச் சொல்லாமல்தான் அவள் டைல்ஸ் கடைக்குப் போய்வந்தாள். ஆனால் ஏன் மாற்றினாள் என்பது அந்தக் கணமே அவருக்குப் புரிந்துவிட்டது. பெரியவள் காத்திருந்தாள். அவர் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, "நேரமாச்சு" என்று சொல்லிக் கிளம்பினார்.

நடந்தது இதுதான். மாஸ்டரின் பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டு வந்தது. கண்ணுக்கு நேரே இருப்பது தெளிவாகத் தெரியும். துணியில் சாக்கட்டியால் போட்ட கோடு தெரியும். ஊசியில் நூல் கோப்பார். பக்கவாட்டில் இருப்பதும் காலடியில் இருப்பதும் தெரியாது. பளபளப்பான பரப்பில் வெளிச்சம் பட்டால் எல்லாம் ஒரே வெள்ளைப் புகையாகிவிடும். கண்ணில் அழுத்தம் கூடுகிற நோய் என்று டாக்டர் சொன்னார். போன பார்வை திரும்பாது, மிச்சத்தை மருந்து காப்பாற்றும் என்றார். வீட்டில் தரையும் சுவரும் வேறு வேறு நிறமாக இருக்கட்டும், படி விளிம்பில் கோடு போடுங்கள், வழுக்காத தரையாகப் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

யாருக்கும் தெரியக் கூடாது என்று மாஸ்டர் மனைவியிடம் சத்தியம் வாங்கினார். காரணம் அவருடைய அப்பா. அவரும் தையல்காரர்தான். கடைசி வருஷங்களில் பார்வை அறவே போய், மனைவி கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் போவார். கறுப்புத் துணியை விளக்கடியில் தைத்துத் தைத்துக் கண் போய்விட்டது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். ஊசிதான் கண்ணைத் தின்றது என்பது மாமியாரின் தீர்ப்பு. அதனாலேயே இளைய மகனை அவள் ஊசி பக்கமே விடவில்லை. ஒருவன் கண்ணாவது தப்பட்டும் என்று வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள அனுப்பினாள். அவனைக் காப்பாற்றிவிட்டதாக இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆனால் போன தடவை டாக்டர் வேறொன்றும் சொன்னார். இது ஊசியால் வருவதில்லை, ரத்தத்தில் வருவது. "கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே அழைச்சிட்டு வாங்க. வலி இருக்காது, எழுத்து நல்லாத் தெரியும். அதனாலயே யாரும் வர மாட்டாங்க. ஆரம்பத்துல பிடிச்சாத்தான் நிறுத்த முடியும்."

அன்றிலிருந்து பெரியவளுக்கு நின்றாலும் உட்கார்ந்தாலும் இருப்புக் கொள்ளவில்லை. கொழுந்தனின் தட்டுக்குப் பக்கவாட்டில் வைத்த தண்ணீர்க் குவளையை அவன் கை தட்டிவிடுகிறதா என்று பார்ப்பாள். வண்டிச் சாவியை எடுக்கும்போது பார்ப்பாள். இரண்டு முறை சாடையாக, "கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வாயேன் தம்பி" என்றும் சொன்னாள். "வருஷா வருஷம் கம்பெனியில டெஸ்ட் பண்றாங்க அண்ணி. கடைசி வரி வரைக்கும் படிப்பேன்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு தையல் கடைக்குப் போனாள். மாஸ்டர் மேஜை முன் நின்று சட்டைத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். மெஷினில் இருந்த ஆள் சாப்பிடப் போயிருந்தான். கத்தரிக்கோலை மேஜையில் வைத்த மாஸ்டர், அளவுநாடாவை எடுத்துவிட்டுத் திரும்பக் கத்தரிக்கோலுக்காகத் துணி மேல் கையால் துழாவினார். அது முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவள் எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"வெள்ளைன்னு ஏன் சொன்னீங்க?"

"கடையில ஆளுங்க இருந்தாங்க. அவன் ஆசையாக் கொண்டுவந்து காட்டறான். எனக்கு வேணாம்டா, கண்ணு கூசுதுன்னு நாலு பேர் முன்னாடி சொல்லச் சொல்றியா?"

"தனியா இருக்கும்போது சொல்லலாமே."

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? அம்மா அழுது ஊரைக் கூட்டிடுவா. அவன் என்னைக் கடைக்குப் போகவிடாம உக்கார வச்சிடுவான். தெருவுல எங்கப்பாவைக் கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போனதை நான் பாத்தவன். அந்த நிலைமை எனக்கு வேணாம். வீடு முடியட்டும். குடி போனதும் நானே சொல்லிடறேன்."

"தரை எனக்காக மாத்தினேன்னு பழியை நான் ஏத்துக்கிட்டேங்க. அது எனக்குப் பெரிசில்ல. ஆனா தம்பி கண்ணு? தினமும் ஒரு பஸ் நிறைய ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறான். சாயந்திரம் அவன் செருப்புச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு மூச்சு வர்றதில்ல. இதை நான் எத்தனை நாள் சுமப்பேன்?"

"அவனுக்கு ஒண்ணும் இருக்காது."

"உங்களுக்கும் ஒண்ணும் இருக்காதுன்னுதான் நினைச்சோம்."

கத்தரிக்கோல் மறுபடி துணியில் ஓடியது. கோட்டை ஒரு நூல்கூட விலகவில்லை. அந்தக் கை நேர்த்தியைப் பார்க்கையில் அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. தூக்கை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வழியெல்லாம், சொல்லிவிடலாமா, சொல்லக் கூடாதா என்று மனம் ஊஞ்சலாடியது. கொடுத்த சத்தியம் ஒரு பக்கம், சொந்தப் பிள்ளை இல்லாத தன் கையில் சின்ன வயதிலிருந்து வளர்ந்த கொழுந்தன் ஒரு பக்கம்.

சாயந்திரம் கொழுந்தனே ஒரு முடிவோடு வந்தான். எல்லோரையும் புது வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஹாலில் மேஸ்திரியை வைத்து இரண்டு வரிசை பரப்பியிருந்தான். ஜன்னலை ஒட்டி, மாதிரிக்காகக் கடையிலிருந்து வாங்கிவந்த வெள்ளை. உள்பக்கம், லாரியில் வந்த சாம்பல், அதன் ஓரத்தில் கறுப்புப் பட்டை. மேஸ்திரி வேலை முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். குடும்ப விஷயம் நடக்கப்போகிற இடத்தில் நிற்கக் கூடாது என்று தெரிந்த மனிதர்.

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வெள்ளை டைல்ஸ் மேல் முழுசாக விழுந்து கிடந்தது. சின்னவள் அதைப் பார்த்து ஒரு நிமிஷம் கோபத்தை மறந்து நின்றாள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பெரியவளும் அதை மனசுக்குள் ஒப்புக்கொண்டாள்.

மாமியாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

"அண்ணா, நீங்க சொல்றதுதான் முடிவு" என்றான் தம்பி. "ரெண்டுலயும் நடந்து பாருங்க. எதுன்னு சொல்லுங்க. நான் அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன்."

பெரியவள் கணவரைப் பார்த்தாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. சாம்பல் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளையில் கால் வைத்தார். பாதத்தை நகர்த்தி நகர்த்தி நடந்தார். வெயில் கட்டமாக விழுந்திருந்த இடம் வந்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு அங்கே ஒரு வாசற்படி இருப்பதுபோலக் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். அவர் கையைப் பின்னால் கட்டியபடி திரும்பிவந்தபோது தம்பியும் சின்னவளும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளை நல்லாத்தான் இருக்கு. அதையே போடச் சொல்லு."

பெரியவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அவர் அவளை அடித்ததில்லை, கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"கேட்டீங்களா அக்கா?" என்றாள் சின்னவள்.

"கேட்டேன். அதையே போடுங்க." அவள் குரல் உடையவில்லை. "எனக்கு வேற ஒண்ணு வேணும். தம்பி, நாளைக்கு லீவு போட்டுட்டு என்கூடக் கண் ஆஸ்பத்திரிக்கு வா."

கொழுந்தன் அவளையே பார்த்தான். பிறகு வெடித்தான்.

"தரையில தோத்ததும் கண்ணுக்கு வந்துட்டீங்களா? ஒரு மாசமா சாடை பேசிட்டிருக்கீங்க. டிரைவருக்குக் கண்ணுல கோளாறுன்னு ஒரு பேச்சுக் கிளம்பினா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"எங்க பொழப்புக்கே உலை வைக்கப் பாக்கறீங்களா?" சின்னவளின் கண் நிறைந்துவிட்டது. "அப்படி என்ன அக்கா செஞ்சோம் உங்களுக்கு..."

"போதும் விடு" என்றான் கொழுந்தன். "அண்ணா, மனசுல பட்டதைச் சொல்லிடறேன். இந்த ஹாலுக்கு நடுவுல ஒரு சுவர் எழுப்பிடலாம். அந்தப் பக்கம் அண்ணி இஷ்டம், இந்தப் பக்கம் எங்க இஷ்டம்."

சுவர் என்ற சொல் காலி அறையில் எதிரொலித்தது. சேர்ந்து இருப்பதற்காகவே கட்டிய வீடு அது.

"எழுப்பிக்கோ" என்றாள் பெரியவள். "ஆனா கண்ணைக் காட்டிட்டு எழுப்பு. என் முகத்துல முழிக்கலைன்னாலும் பரவாயில்ல. காட்டிட்டு மட்டும் வந்துடு, கண்ணா..."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் குரல் உடைந்தது. சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"நில்லு" என்றாள் மாமியார்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். மருமகளைப் பார்க்கவில்லை. மெதுவாக நடந்து மூத்த மகனுக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள். ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டி, அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி விரல்களை அசைத்தாள். மாஸ்டர் நேரே பார்த்தபடி நின்றார். கையைச் சற்று முன்னால் கொண்டுவந்தாள். அசைத்தாள். இன்னும் முன்னால். அவர் இமைகூட அசையவில்லை. கன்னத்தைத் தாண்டி, மூக்குக்கு அருகே கை வந்த பிறகுதான் திடுக்கிட்டு, "என்னம்மா?" என்றார்.

கிழவியின் கை அந்தரத்திலேயே நின்றது.

"உங்கப்பாவுக்கு நான் தினமும் இப்படித்தான் கையை நீட்டிப் பாப்பேன். இன்னிக்கு எவ்வளவு தெரியுதுன்னு..." அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இல்லாத படியை அவரும் இப்படித்தான் தாண்டுவாரு. எத்தனை நாளாடா பெரியவனே?"

மாஸ்டர் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். முதுகு அப்போதும் நிமிர்ந்தே இருந்தது. உதடுதான் சொன்னபடி கேட்கவில்லை.

"ரெண்டு வருஷமா, அம்மா."

"ஊசிதானே? அந்தப் பாழாப்போன ஊசிதானே..."

"ஊசி இல்லம்மா. அப்பாவுக்கும் ஊசி இல்ல. ரத்தத்துல வர்றதாம். தம்பிக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னாரு. அதான் இவ அவனைக் கெஞ்சிக்கிட்டிருக்கா. நான்தான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். அந்தச் சாம்பலும் கறுப்பும் எனக்காகத்தான். யார் கையும் பிடிக்காம நான் நடக்கணும்னு அவ பாத்தா. அவளுக்காக ஒரு துண்டுகூட அவ மாத்தலை."

கொழுந்தன் டைல்ஸ் பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தான். சின்னவள் அவன் தோளைப் பற்றிக்கொண்டாள். யாரையும் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

மாமியார் திரும்பி மருமகளிடம் வந்தாள். இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்தாள்.

"காலையில என் வாயில இருந்து வந்ததையெல்லாம் வாங்கிக்கிட்டு நின்னியே. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே... ஏண்டி, உனக்கு வாய் இல்லையா?"

"இருக்கு அத்தை. பூட்டிட்டாரு."

கிழவி அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமியார் மார்பில் முகம் புதைத்து அழுகிற பழக்கம் அந்த வீட்டில் எந்த மருமகளுக்கும் இருந்ததில்லை. அன்று பெரியவள் அழுதாள், சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்க.

மாஸ்டர் ஓரடி முன்னால் வந்தார். "என்னை மன்னிச்சிடு" என்று சொல்ல வாய் எடுத்தார்.

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "காலையிலயே சொல்லியிருக்கணும் நீங்க. இப்பவும் அத்தை கண்டுபிடிக்கலைன்னா சொல்லியிருக்க மாட்டீங்க. அதை நான் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டேன்." பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில கிளம்பணும். வெறும் வயித்தோட வராதே. அங்க நேரமாகும்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் நேரமாகத்தான் செய்தது. கொழுந்தனை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அனுப்பினார்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டு வெளியே வந்து, "பாத்தீங்களா?" என்கிற முகத்தோடு ஒரு சிரிப்புச் சிரித்தான். அடுத்து ஒரு கருவியில் முகத்தைப் பதித்து, ஓரங்களில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அந்த அறையிலிருந்து வந்தபோது சிரிப்பு இல்லை. "நடுநடுவுல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு அண்ணி" என்றான். பிறகு கண் பாவையை விரிக்க மருந்து விட்டு, இன்னோர் அறைக்குள் கூட்டிப்போனார்கள்.

வெளியே நீள பெஞ்சில், கூட வந்த மாஸ்டரும் பெரியவளும் சின்னவளும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்து பெரியவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா... பிளாட்பாரம்னு சொன்னேனே..."

"நல்லாத்தான் சொன்னே. எனக்கே சிரிப்பு வந்துச்சு. சிரிச்சா காரியம் கெட்டுடும்னு அடக்கிக்கிட்டேன்."

சின்னவள் சிரிக்கப்போய் அழுதுவிட்டாள்.

"ஹாலுக்கும் நடைக்கும் படிக்கும் சாம்பல் போடுவோம்" என்றாள் பெரியவள், அவள் கையைத் தட்டிக்கொடுத்து. "உன் ரூமுக்கு வெள்ளையே போட்டுக்கோ. அங்கதான் ஜன்னல் பெரிசு. வெளிச்சம் வேணும்னு நீ கேட்டது தப்பே இல்ல."

"வேணாம் அக்கா. அவருக்கும் ஏதாவது..."

டாக்டர் கூப்பிட்டார். எல்லோரும் உள்ளே போனார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஆரம்பிச்சிருக்கு. ஆனா நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. மருந்தை விடாமப் போட்டு, சொன்ன தேதிக்கு வந்து காட்டினா இப்படியே நிறுத்திப் பாக்கலாம். வண்டி ஓட்டறதுக்கு இப்ப ஒண்ணும் தடையில்ல. கண்ணுல மருந்து விட்டிருக்கறதால இன்னிக்கு மட்டும் ஓட்டாதீங்க. இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு தெரியலை." பிறகு மாஸ்டரைப் பார்த்து, "நீங்கதானே தம்பியை அனுப்பினது?" என்றார்.

"நான் இல்ல டாக்டர்" என்றார் மாஸ்டர். "என் மனைவி."

அந்த ஒரு வாக்கியத்தை அவர் நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும், மருந்து வாங்கி வருவதாகச் சின்னவள் முன்னால் போனாள். மாஸ்டர் பெஞ்சு முதுகைத் தொட்டபடி தன் வழியைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். கொழுந்தன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். நீண்ட நடைபாதை, கண்ணாடிபோலத் துடைத்த தரை. அதன் கோடியில் திறந்திருந்த பெரிய கதவு வழியாக உச்சி வெயில் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. பாவை விரிந்த அவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைப் பாலாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தான். எதன் மேல் வைத்தோம் என்று தெரியாமல் திரும்ப இழுத்துக்கொண்டான். மறுபடி பாதத்தை நகர்த்திப் பார்த்தான், முந்திய நாள் சாயந்திரம் அவன் அண்ணன் நகர்த்தியதுபோலவே. அதை உணர்ந்ததும் அவன் முகம் கலங்கியது.

"அண்ணி."

"இங்கதான் இருக்கேன்."

"அண்ணனுக்குத் தினமும் இப்படியா?"

அவன் பக்கவாட்டில் கையை நீட்டிக் காற்றில் தேடினான். அவள் தன் முழங்கையைக் கொடுத்தாள். அவன் அதை இறுகப் பிடித்துக்கொண்டான். முன்பொரு காலத்தில் பள்ளிக்கூடம் போகும்போது பிடித்த பிடிதான். அவன் கண்ணிலிருந்து வழிந்தது மருந்தா வேறொன்றா என்று அவள் பார்க்கவில்லை.

"சுவர்னு சொன்னேனே அண்ணி... எந்த வாயால சொன்னேன்..."

"நட."

இரண்டடி நடந்தான். மறுபடி நின்றான்.

"இதுல படி எங்க இருக்கு?"

"படி இன்னும் வரலை" என்றாள் பெரியவள். "நீ வா."